ஒன்பதாவது பெயர்

லாஸ் வேகாஸ்
14 செப்டம்பர் 1981

அன்புள்ள அல்சீட் அண்ணனுக்கு,

தங்கை ஓசெல்லா எழுதுவது. மாதா துணையில் நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, கிளோட்டில் அண்ணி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இன்று எனக்கு வயிறு எரிகிறது. கிராண்ட் வெஸ்டர்ன் போக்கர் சீட்டாட்டப் போட்டிக்குப் பத்து வருடம் முடிந்ததற்காக எங்கள் காப்பர் ஸ்டார் காசினோவில் ஒரு சிறப்பு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், தங்க எழுத்து. சமையலறைக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மாவுக் கையைத் துடைத்துவிட்டு ஆசையாகத்தான் பிரித்தேன்.

இந்தப் போட்டி வளர்ந்த கதை எனக்குத் தெரியாததா? முதல் வருடம் காபிக் கடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேசை, சுற்றிலும் ஒரு கயிறு. ஆட்டம் பார்க்க வந்தவர்களைவிடக் கழிப்பறை தேடி வந்து நின்றவர்கள்தான் அதிகம். அப்புறம் இரண்டு மேசை, நான்கு மேசை. பெரிய தொகை கட்ட முடியாதவர்களுக்காகச் சின்ன மேசைகள் வந்தன. அதில் கொஞ்சம் கட்டி ஆடி, மேசையில் மற்றவர்களையெல்லாம் ஜெயித்தவனுக்குப் பெரிய போட்டியில் இடம். அதற்குப் பிறகுதான் பல் டாக்டர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பிறகு டிவி வந்தது. இந்த மே மாதம் பிங்கோ கூடத்தையே காலி செய்து மேசை போட்டார்கள். அத்தனை வருடமும் அத்தனை பேருக்கும் பீச் பழத்தை மாவுக்குள் வைத்துப் பீச் பை சுட்டுக் கொடுத்தவள் நான்.

மலரின் முதல் பக்கத்தில் அந்த முதல் மேசையின் புகைப்படம். கீழே, 'எட்டு நண்பர்கள் தொடங்கிய சரித்திரம்' என்று போட்டு எட்டுப் பெயர்கள். அண்ணா, அன்று அந்த மேசைக்குக் காபி கொண்டுபோனவள் நான். ஒன்பது பேருக்குக் கொண்டுபோனேன். ராய்ஸ் டேக்கட்டுக்கு இடப்பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய். மற்ற எட்டுப் பேரும் வெள்ளைக்காரர்கள். படத்தில் உன் பக்கத்து ஓரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியவனுக்குப் புத்தி போதவில்லை. டேக்கட்டின் தோள்மேல் ஒரு கறுத்த கை மட்டும் அப்படியே கிடக்கிறது. அது உன் கை.

இதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? நீ இரண்டாம் வருடம் வந்து, 'முதல் நாளே தோத்துட்டேன், கண்ணு மங்குது' என்று சொல்லி ஆட்டத்தை விட்டாய். விட்டவன் என்பதற்காக ஆடவே இல்லை என்று ஆகிவிடுமா? உடனே பதில் போடு.

அண்ணிக்கு என் முத்தம்.
ஓசெல்லா

லேக் சார்ல்ஸ், லூயிசியானா
20 அக்டோபர் 1981

அருமைத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளோட்டில் சுகம். மாத்திரையைப் போடுகிறாள், போட்டதை ஊர் முழுக்கச் சொல்லவும் செய்கிறாள். என் முழங்கால் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. புயல் இந்த முறை எங்களை விட்டுவிட்டுக் கிழக்கே போய்விட்டது. இறால் நன்றாகப் படுகிறது. படகு மோட்டார் பழுது பார்க்கும் வேலையும் இருக்கிறது.

மலர் விஷயம். படம்தானே, விடு. 'எட்டு நண்பர்கள்' என்று போட்டதற்கு நீ சிரிக்க வேண்டும். அந்த எட்டுப் பேரில் ஒருவனை நம்பி இன்னொருவன் தன் காபியை மேசையில் விட்டுவிட்டுப் போகமாட்டான்.

நீ வேலையைப் பார். செத்துப்போன பெரியவர் ஸ்ட்ரேக்கரின் மகன்தானே இப்போது முதலாளி? அவனிடம் போய் எதையும் கேட்டு வைக்காதே. உன் மகள் ரெனிட்டா உண்டாகியிருப்பதாக எழுதியிருந்தாள். கிளோட்டில் கம்பளி வாங்கிப் பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

கடவுள் உன்னைக் காப்பாராக.
அல்சீட்

லாஸ் வேகாஸ்
9 நவம்பர் 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்கு நலத்தைத் தவிர எல்லாம் இருக்கிறது.

கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன். சின்னவர் கென்ட் ஸ்ட்ரேக்கர் காபிக் கடைக்கு வந்தபோது மலரை விரித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மிஸ்டர் ஸ்ட்ரேக்கர், இந்தப் படத்துல ஒருத்தர் குறையறாரு."

"யாரு?"

"அல்சீட் ப்ருடோம். உபதேசியார்னு கூப்பிடுவாங்க. சீட்டு மேசையில கெட்ட வார்த்தையே பேசமாட்டாரு, அதனால அந்தப் பேரு. என் அண்ணன்."

"அப்படியா? அச்சுக்காரங்க பக்கத்துக்குத் தோதா வெட்டியிருப்பாங்க. இடம் பத்தலைன்னா நான் என்ன பண்றது?"

"பேருக்குமா இடம் பத்தலை?"

அவர் மலரை மூடி என் பக்கம் தள்ளினார். "ஓசெல்லா, உன் பீச் பைக்கு இந்த ஊர்ல நல்ல பேரு. அந்தப் பேரைக் காப்பாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

டேக்கட்டையும் விடவில்லை. அந்த முதல் மேசைக்காரர்களில் இன்னும் ஆடவருகிறவர் அவர் ஒருவர்தான். வாரத்துக்கு மூன்று நாள் என் கடையில் உட்கார்ந்திருப்பார். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "உன் அண்ணன் உன்கிட்ட எதுவும் சொல்லலையா?" என்றார். "என்ன சொல்லணும்?" என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தட்டில் பீச் பையை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று பாதிக்குமேல் மிச்சம்.

அண்ணா, நீ என்னிடம் எதைச் சொல்லவில்லை?

ஓசெல்லா

லேக் சார்ல்ஸ்
18 டிசம்பர் 1981

அருமைத் தங்கைக்கும் ரெனிட்டா குடும்பத்துக்கும்,

எங்கள் இருவரின் கிறிஸ்மஸ் வாழ்த்துகள். பாலன் பிறப்பு உங்கள் வீட்டில் சமாதானம் தரட்டும். அண்ணி பெக்கான் கொட்டை மிட்டாய் அனுப்பியிருக்கிறாள். ஈரம் படாமல் வைத்துக்கொள்.

அல்சீட், கிளோட்டில்

லாஸ் வேகாஸ்
25 ஜனவரி 1982

அண்ணனுக்கு,

மிட்டாய் வந்தது. பதில் வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கு மிட்டாய் பதிலாகுமா?

நீ சொல்லாததை டேக்கட் சொல்லிவிட்டார். இன்று கூட்டமில்லாத நேரம் பார்த்து வந்து, காபிகூட வாங்காமல், உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பொய் இருந்தால் நீ அடித்துக் காட்டு.

"ரெண்டாம் வருஷம் உபதேசியார் வந்தாரும்மா. கட்டவேண்டிய பணத்தோட, புதுக் கோட்டோட வந்தாரு. பெரியவர் ஸ்ட்ரேக்கர் வாசல்லயே மறிச்சிட்டாரு. 'மேசை நிறைஞ்சுபோச்சு. இந்தத் தடவை பத்திரிகைக்காரங்க படம் எடுக்க வந்திருக்காங்க. உனக்குப் புரியும்'னாரு. மேசையில ஒரு நாற்காலி காலியாத்தான் கிடந்துச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்த நாற்காலிக்குப் பக்கத்துல."

"என்ன சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சீட்டைக் கலைங்கப்பா, நேரமாகுதுன்னேன்."

அண்ணா, நான் அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நின்றிருந்தேன். நீ அந்த வாசலிலிருந்து திரும்பி என் வீட்டுக்கு வந்தாய். ரெனிட்டாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். 'முதல் நாளே தோத்துட்டேன்' என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'டெக்ஸஸ் முழுக்க ஜெயிச்ச ஆளு, இங்க ஒரு நாள் தாக்குப்பிடிக்கலையா?' என்று உன்னைக் கேலி செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் சொல்லவில்லை? சுற்றி வளைக்காமல் எழுது.

ஓசெல்லா

லேக் சார்ல்ஸ்
16 பிப்ரவரி 1982

ஓசெல்லா,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே சுகம்.

டேக்கட் சொன்னதில் அடிக்க எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. அது அவர் காதில் விழுந்திருக்காது.

முதலில் ஒரு விஷயம். பெரியவர் ஸ்ட்ரேக்கர் அந்தப் போட்டியை ஆகாயத்திலிருந்து இறக்கவில்லை. நாங்கள் பல வருடமாக டெக்ஸஸில், எண்ணெய் ஊர்களில், கசாப்புக் கடைக்குப் பின்னாலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் ஆடிய ஆட்டம்தான் அது. கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முன்னால் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மொத்தமாக வைக்கலாம். போலீசுக்கும் கொள்ளைக்காரனுக்கும் பயந்துகொண்டே ஆடினோம். அந்த அறைகளிலும் எனக்குப் பின்வாசல்தான். ஆனால் உட்கார்ந்தபின் சீட்டு எல்லாருக்கும் ஒன்றாகத்தான் விழும். நெவாடாவில் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆடலாம் என்று ஸ்ட்ரேக்கர் எங்களைக் கூப்பிட்டபோது எங்கள் கூட்டத்தில் ஒருவனாகத்தான் நானும் வந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் யாரும் வராத வருடம் அது.

அடுத்த வருடம் வாசலில் மறித்தபோது நான் சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். ஸ்ட்ரேக்கர் என் கோட்டின் காலரைச் சரிசெய்வதுபோலக் கிட்டே வந்து, "உன் தங்கச்சி இங்க நல்லா வேலை பாக்குறா, உபதேசியார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உன் புருஷன் லெராய் இறந்து அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ரெனிட்டா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். உனக்குத் தெரிந்தால் நீ கரண்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா? அதனால் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் எந்த மேசையிலும் உட்காரப் பிடிக்கவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி இதைக் கிளறாதே.
அல்சீட்

லாஸ் வேகாஸ்
22 மார்ச் 1982

அண்ணனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் எழுதப்போவதைக் கேட்க உனக்குத் தெம்பு வேண்டும்.

என்னைக் கேட்டாயா? என் வேலைக்காக நீ உன் வாழ்க்கையை விட்டாய். சரி. ஆனால் அந்த வேலை வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன்னை வாசலில் நிறுத்தியவருக்குப் பிறந்தநாள் வந்தால் கேக் செய்தேன். அவர் செத்தபோது துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் பன் சுட்டேன். "மிஸ்டர் ஸ்ட்ரேக்கர் நம்மகிட்ட எவ்வளவு மரியாதையா இருந்தாரு" என்று அழவும் செய்தேன். என்னை இப்படி ஒரு முட்டாளாக்கி வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? ஸ்ட்ரேக்கர்மேல் இருக்கிற கோபம் ஒரு பங்கு என்றால் உன்மேல் இரண்டு பங்கு.

இப்போது சொல்வதைக் கேள். மே மாதம் போட்டி. பழைய காலம்போல யாரை உட்காரவைப்பது என்று ஒரு மனிதன் வாசலில் நின்று முடிவு செய்ய முடியாது. சின்ன மேசையில் ஜெயித்தவனுக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கூட்டம் வேண்டும் என்பதற்காக அவர்களே திறந்த கதவு அது. நீ வா. வந்து உட்கார்.

நான் அப்போது ஊரில் இருக்கமாட்டேன். ரெனிட்டாவுக்கு மே மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஓக்லாந்து போய் அவளோடு இருக்கப்போகிறேன். பக்கத்து வீட்டு மேவிஸ், என்னோடு சமையலறையில் வேலை செய்கிறவள், சாவி வைத்திருப்பாள். என் வீட்டில் தங்கிக்கொள்.

வரமாட்டேன் என்று எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

ஓசெல்லா

லாஸ் வேகாஸ், உன் வீடு
9 மே 1982

ஓசெல்லாவுக்கும் ரெனிட்டாவுக்கும்,

பிரசவம் நல்லபடியாக ஆக இங்குள்ள கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். எழுத வேண்டாம் என்றாய், அதனால் எழுதாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று சின்ன மேசையில் உட்கார்ந்தேன். பத்துப் பேர். நான்தான் கிழவன். பக்கத்தில் காலணிக் கடைக்காரன் ஒருவன், "தாத்தா, இந்த ஆட்டம் தெரியுமா?" என்றான். "ஒரு காலத்துல பாத்திருக்கேன்" என்றேன். பத்து வருடம் தொடவில்லை என்றாலும் மனிதர்கள் மாறவில்லை, ஓசெல்லா. நல்ல சீட்டு வந்தால் இன்னும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். கடைசியில் நானும் காலணிக் கடைக்காரனும்தான் மிச்சம். அவன் எழுந்துபோகும்போது, "நீங்க யாரு சார்?" என்று கேட்டான். பெரிய போட்டியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மேவிஸ் சோறும் வறுத்த மீனும் கொண்டுவந்தாள். "ஓசெல்லா ஜூன்ல வேலைக்குத் திரும்பிடுவாளா?" என்று கேட்டேன். மேவிஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

"எந்த வேலைக்கு? அவளைத்தான் பிப்ரவரி கடைசியிலயே அனுப்பிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

"எதுக்கு அனுப்பினாங்க?"

"பத்தாண்டு விருந்துக்குப் பெரிய கேக் செய்யச் சொன்னாங்க. மேல அந்த எட்டுப் பேரு பேரையும் எழுதணும்னு சீட்டு கொடுத்தாங்க. டிவிக்காரங்க, மேயரு எல்லாரும் வந்த விருந்து. துணியை எடுத்தா ஒன்பது பேரு. உங்க பேரு நடுவுல, மத்த எழுத்தைவிடப் பெருசா. சின்னவரு முகம் போன போக்கைப் பார்க்கணுமே. உங்க பேரு இருக்கிற துண்டத்தை முதல்ல வெட்டி எடுக்கணும்னு இவ கையில இருந்த கத்தியைக் கேட்டாரு. இவ கத்தியைக் கொடுக்கமாட்டேன்னுட்டா. 'இனி உனக்கு இங்க வேலை இல்லை'ன்னாரு. ஏப்ரனைக் கழட்டி அவரு கையில கொடுத்துட்டு வாசல் வழியா, முன்வாசல் வழியா, நடந்து போனா."

மீனை அப்படியே மூடி வைத்தேன். என் கடிதம் உன் கைக்கு வந்த அடுத்த வாரம் இதைச் செய்திருக்கிறாய். செய்துவிட்டு, 'என்னைக் கேட்டாயா' என்று எனக்குப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்தியிருக்கிறாய். பிரசவத்துக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இப்போது நான் கேட்கிறேன். என்னைக் கேட்டாயா?

இத்தனை வருடம் எனக்குக் கோபம் வரவில்லை என்று நினைத்தேன். வந்துவிட்டது.

அல்சீட்

ஓக்லாந்து
14 மே 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

ரெனிட்டாவுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பிள்ளை பிறந்ததிலிருந்து யார்மேலோ கோபமாகவே இருக்கிறான். நம் வீட்டுப் பிள்ளைதான்.

கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். வேலை போனது தெரிந்தால் ஊருக்கே வந்திருக்கமாட்டாய், 'என்னால போச்சு' என்று மூலையில் உட்கார்ந்திருப்பாய். உன்னைப் போலவே செய்தேன் என்று சொல்லாதே. நீ வாயை மூடினாய், நான் திறந்தேன். அது வேறு, இது வேறு.

சரி, கொஞ்சம் ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போ.

ஓசெல்லா

லாஸ் வேகாஸ்
21 மே 1982

அருமைத் தங்கைக்கு,

பிள்ளைக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம். முழங்கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிங்கோ கூடம் முழுக்க மேசை. நூற்றுக்கு மேற்பட்ட பேர். நான் ஆடிய காலத்தில் இந்த நாட்டில் இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் மொத்தமே இவ்வளவு பேர் இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. முதல் நாள் பொறுமையாக இருந்தேன். இரண்டாம் நாள் வேகமாக ஆடினேன். மூன்றாம் நாள் என் மேசைக்கு டேக்கட்டை மாற்றி உட்காரவைத்தார்கள். அவரும் நானும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

மதியத்துக்குப் பிறகு அவர் முன்னால் இருந்த பந்தய வில்லைகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார், நானும் ஈடாக வைத்தேன். அவரிடம் ராஜா ஜோடி. என்னிடம் பத்து ஜோடி. நடுவில் மூன்றாவது பத்து விழுந்தது, அவர் ஆட்டம் முடிந்தது. அவர் எழுந்து, மேசையைச் சுற்றி என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"உபதேசியார், அன்னிக்கு நான் எழுந்திருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்ல என் வாய் தயாராகிவிட்டது. பழக்கம். ஆனால் நீ ஏப்ரனைக் கழற்றியது ஞாபகம் வந்தது. "ஆமா டேக்கட், எழுந்திருக்கணும்" என்றேன். கையைக் குலுக்கினேன். அவர் அழுதுகொண்டே போனார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையை நான் திரும்பப் பெறப்போவதில்லை.

இடைவேளையில் டிவிக்காரப் பையன் ஒருவன் ஒலிவாங்கியோடு வந்தான். கூடவே கென்ட் ஸ்ட்ரேக்கர், சிரித்த முகமாக.

"லூயிசியானாவுலேர்ந்து முதல் தடவையா வந்திருக்கீங்க. எப்படி இருக்கு சார்?"

"முதல் தடவை இல்ல தம்பி. இந்தப் போட்டியோட முதல் மேசையில ஒன்பது பேரு. நான் ஒருத்தன். அடுத்த வருஷம் பணத்தோட வந்தேன், அந்த வாசல்ல நிறுத்திட்டாங்க. என் நிறம் படத்துல விழக்கூடாதுன்னு. என் பேரை ஒரு கேக்குல எழுதினதுக்கு என் தங்கச்சியை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அவ பேரு ஓசெல்லா பட்டிஸ்ட். அதையும் பதிவு பண்ணிக்கோ."

பையன் ஸ்ட்ரேக்கரைப் பார்த்தான். ஸ்ட்ரேக்கர் தரையைப் பார்த்தார். ஒலிவாங்கி இன்னும் என் வாயருகேதான் இருந்தது. அதனால் உன் பெயரை இன்னொரு முறை, எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

மாலையில் மிஷிகனிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் என்னை அனுப்பிவைத்தான். என்னிடம் ராணி ஜோடி, அவனிடம் ஏஸும் ஏழும். கடைசிச் சீட்டு வரை நான்தான் மேலே. கடைசிச் சீட்டு ஏஸ், அவனுக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான் ஆட்டம். அதில் யார்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. இன்னும் மூன்று பேர் வெளியேறினால் இறுதி மேசை என்ற நிலையில் எழுந்தேன். கயிற்றுக்கு வெளியே மேவிஸும் சமையலறைக்காரர்களும் சலவைக்காரர்களும் வேலை உடுப்போடு நின்றிருந்தார்கள். போகச் சொல்லி ஒரு காவலாளி விரட்டிக்கொண்டிருந்தான். ஒருவரும் நகரவில்லை. நான் போய் அவர்களோடு நின்றேன்.

நாளை பஸ்.
அல்சீட்

ஓக்லாந்து
30 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

குழந்தை குப்புற விழுகிறான். ரெனிட்டா வேலைக்குப் போகிறாள். எனக்கு இங்கே ஒரு பேக்கரியில் காலை வேலை கிடைத்திருக்கிறது. அண்ணி பின்னிய சட்டை அதற்குள் சிறிதாகிவிட்டது.

நேற்று அந்தப் போட்டியை டிவியில் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன். நீ வந்தாய். உன் வாய் அசைகிறது, ஆனால் உன் குரல் இல்லை. மேலே இன்னொருவன் குரல்: "லூயிசியானாவிலிருந்து ஒரு புதுமுகம், மீன் பிடிக்கிறவர், அதிர்ஷ்டக்காரர்." அதற்குள் படம் மாறிவிட்டது. ரெனிட்டா டிவியை அணைத்துவிட்டாள். நான் மறுபடி போட்டேன். மிச்சத்தையும் பார்த்தேன். எதை எதை வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் வெட்ட முடியாதது ஒன்று இருந்திருக்கிறது. நம் கறுப்பின மக்கள் நடத்தும் சின்னப் பத்திரிகையிலிருந்து ஒருவர் அன்று கயிற்றோரம் நின்றிருக்கிறார். நீ சொன்னதை அப்படியே போட்டுவிட்டார். மேவிஸ் அனுப்பினாள். அதைப் பார்த்து வேறு ஊர்ப் பத்திரிகைகளும் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. எப்படித் தெரியும் என்கிறாயா? இன்று காலை கென்ட் ஸ்ட்ரேக்கர் எனக்கே போன் செய்தார்.

"ஓசெல்லா, உன் பீச் பை இல்லாம வாடிக்கைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. திரும்ப வந்துடு. சமையலறைக்கே நீ மேற்பார்வையாளர். அடுத்த வருஷம் மலர்ல உன் அண்ணன் படம், தனிப் பக்கம். டிவியில மரியாதை. எல்லாம் பண்ணிடலாம்."

"அதுக்கு நாங்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பெருசா இல்ல. எழுபத்திரண்டுல வேற வேலை இருந்துச்சு, தானாத்தான் வரலைன்னு உன் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். எங்க அப்பா செத்துப்போயிட்டாரு பாரு. அவரு பேரு கெடக்கூடாது."

அண்ணா, என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த மனிதர் வாழ்நாளில் கேட்டிராத வார்த்தைகள். கடித்துக்கொண்டேன். "என் அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

வேலை பெரிய வேலை. உனக்குக் கிடைக்கவேண்டிய மரியாதையும் அதில் இருக்கிறது. நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த முறை உன்னைக் கேட்கிறேன்.

பதில் எழுது. மிட்டாய் அனுப்பாதே.

ஓசெல்லா

லேக் சார்ல்ஸ்
7 செப்டம்பர் 1982

அருமைத் தங்கைக்கு,

கிளோட்டில் சுகம், நானும் சுகம். சட்டை அடுத்த அளவில் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டதற்கு நன்றி. கேட்காமலே முடிவு செய்திருந்தாலும் இந்தத் தடவை சண்டை போட்டிருக்கமாட்டேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடு. அன்று எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. அந்த ஊருக்கு நான் வந்ததே அந்த ஒரு வேலைக்காகத்தான். தானாகப் போனேன் என்று நானே சொன்னால், என்னை வாசலில் நிறுத்தியவன் நானே என்று ஆகிவிடும். அவன் அப்பாவின் பெயரைக் காப்பாற்றுவது அவன் பாடு. தனிப் பக்கம் வேண்டாம். எட்டுப் பேருக்குப் போட்ட அதே எழுத்தில், அதே பக்கத்தில், நடந்ததைப் போடட்டும். அதுவரைக்கும் யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பேன். போன வாரம் ஹூஸ்டன் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கேட்டாள், சொன்னேன்.

மே மாதம் மறுபடி சின்ன மேசையில் உட்காரப்போகிறேன். நீயும் லீவு எடுத்துக்கொண்டு வா.

பதிலை அவனிடம் நீயே சொல். கடித்துக்கொண்டாயே, அந்த வார்த்தைகளையும் சேர்த்துச் சொல். நான் உபதேசியார், எனக்கு அவை வராது. நீ என்ன சொன்னாய், அவன் என்ன சொன்னான் என்று ஒன்று விடாமல் எழுது. உன் கடிதத்தைக் கிளோட்டிலுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும் என்று காத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
அல்சீட் ப்ருடோம்